அட்மிஷனுக்கு முன்னும் டிஸ்சார்ஜுக்குப் பின்னும்

குடிபோதை மீட்பு சிகிச்சை என்றதும் எல்லோர் கண்ணும் அந்த முப்பது நாள் மீதே போய் நிற்கிறது. உள்ளே சாப்பாடு எப்படி, யோகா உண்டா, டாக்டர் தினமும் வருவாரா, செல்போன் தருவார்களா? மையங்களின் நோட்டீஸும் இதையேதான் அடுக்குகிறது. ஆனால் சிகிச்சை சேவையை மேம்படுத்துவது பற்றி வந்த ஆய்வுகளைப் புரட்டினால், ஆளைக் கைநழுவ விடும் இடங்கள் வேறு. "சரி, வர்றேன்" என்று ஒருவர் சொன்ன நேரத்துக்கும் படுக்கை கிடைக்கும் நேரத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். டிஸ்சார்ஜ் சீட்டுக்கும் முதல் ரிவ்யூவுக்கும் நடுவே இன்னொரு பள்ளம். பெரும்பாலும் விழுவது இந்த இரண்டில்தான்.

முதல் பள்ளம் எவ்வளவு பெரியது என்பதற்கு நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் சுமார் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் யாருக்கும் மனசே வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. மனசு வந்த அன்றைக்குக் கதவு திறந்திருந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

இதைக் கேட்டவர்கள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். டேவிட் கஸ்டாஃப்ஸன் என்ற தொழிற்பொறியியல் பேராசிரியரின் குழு 2003 வாக்கில் 'நியாடெக்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொழிற்சாலையில் சரக்கு எங்கே தேங்குகிறது என்று பார்க்கும் அதே கண்ணால் போதை சிகிச்சை மையங்களைப் பார்த்தார்கள். முதல் வேலையாக அவர்கள் சொன்னது மிக எளிது: மையத்தின் பொறுப்பாளரே நோயாளியாக நடித்து, முதல் போனிலிருந்து அட்மிஷன் வரை நடந்து பார்க்கட்டும். அப்படித் தொடங்கிய 13 மையங்களில் முதல் தொடர்புக்கும் முதல் சிகிச்சைக்கும் இடையிலான காத்திருப்பு சராசரி 19.6 நாளிலிருந்து 12.4 நாளாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புதுக் கட்டடம் இல்லை.

இதை நம்மூர் மையம் ஒன்றில் செய்து பார்ப்பதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? போனிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் சண்டை நடந்து, அழுது முடித்து, அவரே "என்னைக் கொண்டு போய்ச் சேர்த்துடுங்க" என்று சொல்வது பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல். மையத்தின் போன் காலை பத்து முதல் ஐந்து வரை. மறுநாள் போன் எடுப்பவர், "டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார், அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க" என்கிறார். இன்று திங்கள். இடையில் நான்கு நாள், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறந்துவிடும். அடுத்து, நேரில் வரும்போது கேட்டில் செக்யூரிட்டி எல்லோர் காதிலும் விழும்படி "எதுக்கு வந்திருக்கீங்க, குடி கேஸா?" என்கிறார். பிறகு ஒரே கேள்வியை ஓ.பி. சீட்டு எழுதுபவர், நர்ஸ், சோசியல் ஒர்க்கர், டாக்டர் என நால்வர் கேட்கிறார்கள். "கூட இருக்க ஒரு ஆள் வேணும்" என்றதும் தனியாக வாழ்பவர் திரும்பிப் போகிறார். கூடவே இருக்கும் மனைவிக்கோ வீட்டில் பிள்ளைகள், நூறு நாள் வேலை. இவற்றில் ஒவ்வொன்றையும் ஒரு தாளில், நேரம் போட்டு, எழுதிக்கொண்டே போக வேண்டும். தாள் நிறைந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் துடிப்பது வழக்கமான தவறு. ஒன்றே ஒன்றை எடுத்து, இரண்டு வாரம் செய்து பார்த்து, எண்ணிக்கை நகர்ந்ததா என்று பார்த்த பிறகே அடுத்தது. டாக்டர் வராத நாளிலும் நர்ஸே பதிவு போட்டு, கேள்வித்தாளை முடித்து, உடல்நிலை ஆபத்தாக இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்ற ஒரே ஒரு மாற்றம் அந்த வெள்ளிக்கிழமையைத் திங்களுக்கு இழுத்துவரும்.

இன்னொரு மோசமான வழக்கம்: "ரெண்டு நாள் குடிக்காம இருந்துட்டு அப்புறம் வாங்க." நாற்றம் வரக் கூடாது, தகராறு கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள். தினமும் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்தான பகுதி என்பதை அப்படிச் சொல்பவர் யோசிப்பதில்லை. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் கை உதறல், வியர்வை, குமட்டல், படபடப்பு. ஆறு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு உளறல் தொடங்கும்: இடம் தெரியாது, ஆள் தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகத் தட்டுவார், காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். இது மருத்துவ அவசரம். சபரிமலைக்கு மாலை போட்ட மூன்றாம் நாள், கோயிலில் கயிறு கட்டிக்கொண்ட மறுநாள், "சாமி இறங்கிடுச்சு" என்று வீட்டில் நினைப்பது பலமுறை இதுவாக இருக்கிறது. விரதம் இருப்பதில் தவறில்லை. தினமும் காலையில் கை நடுக்கத்துக்கு ஒரு கட்டிங் போடுபவர் மாலை போடும் முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அளவு கேட்பதிலும் நிறைய நழுவுகிறது. "எவ்வளவு குடிப்பீங்க?" "ஒரு குவார்ட்டர்தான் சார்." எழுதுபவர் ஃபைலில் 'மிதமான குடி' என்று எழுதிவிடுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் தனி ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த 'ஆடிட்' கேள்வித்தாளில் ஒரு பானம் என்றால் 10 கிராம். ஆக 'ஒரு குவார்ட்டர்தான்' என்பது ஆறு பானம். அந்தத் தாளின் மூன்றாவது கேள்வியே "ஒரே சமயத்தில் ஆறு அல்லது அதற்கு மேல் எத்தனை முறை?" என்பதுதான். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், நாலு பானம். கேட்பவர் கிளாஸ் கணக்கில் கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும். குவார்ட்டர், கட்டிங், ஆஃப், பீர் என்று நோயாளியின் கணக்கில் கேட்டுவிட்டு, பானமாக மாற்றும் வேலையைத் தாளின் ஓரத்தில் நாம்தான் செய்ய வேண்டும். பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை, 20-ஐத் தொட்டால் அடிமைநிலைக்கான முழுப் பரிசோதனை.

அடிமைநிலைக்கு வராதவர்களுக்கு வார்டே தேவையில்லை என்பதற்கு கோவாவில் நடந்த ஆய்வு நல்ல சான்று. பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை உள்ள 377 ஆண்கள். பேசியவர்கள் மனநலப் பட்டம் படித்தவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். அதிகபட்சம் நாலு அமர்வு. 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதம் கழித்து மதிப்பெண் 8-க்குக் கீழே இறங்கியவர்கள், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். ஓராண்டு கழித்தும் வித்தியாசம் நீடித்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிற இடத்திலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வாசலில் யாரும் 'குடி கேஸா?' என்று கேட்பதில்லை.

உள்ளே நடப்பதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒன்று, தயமின் என்னும் பி1 வைட்டமின். நீண்ட நாள் குடித்தவர் உடலில் இது வறண்டு போயிருக்கும், குடல் வழியாகச் சரியாக ஏறவும் செய்யாது. அதனால் முதல் சில நாள் ஊசியாகவே போக வேண்டும். நம்மூரில் "ரொம்ப வீக்கா இருக்கார்" என்றதும் முதலில் குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் பழக்கம் இருக்கிறது. தயமின் இல்லாமல் ஏறும் குளுக்கோஸ் மிச்சமிருந்த தயமினையும் தின்றுவிடும். விளைவு, கண் அசைவு கோணுவது, நடை தள்ளாடுவது, குழப்பம், அதற்குப் பின் மீளாத ஞாபக மறதி. ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தாக இறங்கியிருந்தால் குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது, ஆனால் தயமின் ஊசியும் கூடவே போக வேண்டும்.

இரண்டாவது, நடுக்கத்துக்கான மாத்திரை. எல்லோருக்கும் ஒரே அட்டவணைப்படி கொடுத்துக் குறைத்துக்கொண்டே வருவது ஒரு முறை. பத்து அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, ஏறும்போது மட்டும் கொடுப்பது இன்னொரு முறை. 1994-இல் வந்த ஒரு ஆய்வில் 101 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டபோது, அட்டவணை முறையில் மருந்து 68 மணி நேரம் தேவைப்பட்டது. மதிப்பெண் முறையில் 9 மணி நேரம். மாத்திரை அளவும் 425 மில்லிகிராமுக்குப் பதில் 100. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து மதிப்பெண் போடப் பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லாத இடத்தில் இந்த முறையைக் கொண்டுவந்தால், விடிகாலை நான்கு மணிக்கு வலிப்பு வரும். அங்கே அட்டவணையே மேல். ஆய்வில் வென்ற முறை நம் ஆள்பலத்துக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் இறக்குமதி செய்வதும் ஒரு வகை அலட்சியம்தான். கல்லீரல் கெட்டவருக்கு எந்த மாத்திரை, வலிப்பு முன்பு வந்தவருக்கு எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர் முடிவு. வீட்டில் பக்கத்து மருந்துக் கடையில் வாங்கிப் பார்க்கும் விஷயமே இல்லை.

வரவே மாட்டேன் என்பவரை என்ன செய்வது? சில வீடுகளில் ஆளைக் கட்டி வேனில் ஏற்றுகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அவர் விருப்பமின்றிச் சேர்க்க வேண்டுமானால், மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணர் அல்லது டாக்டரும் தனித்தனியே பார்த்துத் தேவை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சேர்ப்பதும் முதலில் முப்பது நாள் வரைதான். சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். இன்னொரு 'வழி' அதைவிடப் பரவலானது: தெரியாமல் குழம்பில் கலக்கும் மாத்திரை. பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரமே உண்டு. அதில் இருப்பது டைசல்ஃபிராமாக இருந்தால், அதன்மேல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவது என்று போய், இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அவசர சிகிச்சை டாக்டருக்கும் தெரியாது. ஒருநாள் தெரிய வரும்போது வீட்டுச் சாப்பாட்டின் மீதே நம்பிக்கை போய்விடும்.

இதற்கு மாற்றாக ஆய்வில் நின்றது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மையர்ஸ் உருவாக்கிய 'கிராஃப்ட்' முறை. பயிற்சி குடிப்பவருக்கு இல்லை, மனைவிக்கும் பெற்றோருக்கும். 1999-இல் வந்த ஒப்பீட்டில், இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதம் பேர் மறுத்துக்கொண்டிருந்தவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சொந்தபந்தம் கூடிப் பஞ்சாயத்து வைத்து எதிர்கொள்ளும் முறையில் அது 30 சதவீதம். பயிற்சியில் இருப்பது இவ்வளவு: அவர் குடிக்காத மாலையில் அவருக்குப் பிடித்ததைச் செய்வது, கூட உட்கார்ந்து பேசுவது. குடித்துவிட்டு வந்தால் சண்டையும் இல்லை, சேவையும் இல்லை. வாந்தியைத் துடைப்பது, மேஸ்திரிக்குப் போன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது இதெல்லாம் நிறுத்தம். "சேர்ந்துடலாமா?" என்ற கேள்விக்கு நேரம் பார்ப்பது, அதாவது அவரே வெட்கப்படும் ஒரு காலையில், போதையில்லாதபோது. அடி விழும் வீடு என்றால் முதல் பாடம் மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்பு, மற்றதெல்லாம் அப்புறம். அவர் "சரி" என்ற அன்றே சேர்க்க முடிய வேண்டும் என்பதும் முறையின் ஒரு பகுதி. மறுபடி அந்த வெள்ளிக்கிழமைப் பிரச்சினைக்கே வந்து நிற்கிறோம்.

இனி இரண்டாவது பள்ளம். நியாடெக்ஸ் பிறகு ஐந்து அமெரிக்க மாநிலங்களில் 201 மையங்களில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அனுபவசாலி ஒருவர் மையத்துக்குத் துணை நின்று வழிகாட்டியபோது காத்திருப்பு நான்கரை நாளுக்கு மேல் குறைந்தது, புதிதாக வருபவர்களும் கூடினார்கள். மாதாந்தரப் போன் கூட்டம் மட்டும் நடத்தியதில் பலனில்லை. சங்கடமான முடிவு ஒன்றும் அதிலேயே இருக்கிறது: வந்தவர்களைத் தங்கவைப்பதில் எந்தக் குழுவும் முன்னேறவில்லை. உள்ளே வரும் கதவைச் சரிசெய்வது நிர்வாக வேலை. வெளியே போனவரைப் பிடித்து வைத்திருப்பது வேறு மாதிரி உழைப்பு கேட்கிறது.

2000-இல் தாமஸ் மெக்லெல்லனும் உடன் எழுதியோரும் ஜாமா இதழில் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: பிரஷர், ஆஸ்துமா, சர்க்கரை நோயாளிகளை முப்பது நாள் வைத்திருந்து அனுப்பிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பிரஷர் ஏறியிருந்தால் 'சிகிச்சை தோற்றுவிட்டது' என்போமா? போதைச் சிகிச்சையை மட்டும் அப்படித்தான் அளக்கிறோம். நோய் நீண்டது என்றால் தொடர்பும் நீண்டிருக்க வேண்டும். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக் குழுவினர் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல் அவர்கள் பகுதிக்கே வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தபோது விளைவு நன்றாக இருந்ததை 2009-இல் எழுதினார்கள். சென்னை டி.டி.கே. மருத்துவமனை 1989 முதல் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் நடத்திவந்த கிராம முகாமின் பலமும் இதுதான். ஒரே வட்டாரத்து ஆட்கள் சேர்ந்து சிகிச்சை எடுத்து, சேர்ந்து ஊர் திரும்புகிறார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் அதில் பொறுப்பு இருக்கிறது.

எல்லா மையத்தாலும் ஊர் ஊராகப் போக முடியாது. போன் செய்ய முடியும். பிலடெல்பியாவில் ஜேம்ஸ் மெக்கே பல ஆண்டாக ஆராய்ந்தது இதைத்தான்: பதினைந்து இருபது நிமிடத் தொலைபேசி அழைப்பு, ஆரம்பத்தில் வாரம் ஒன்று, பிறகு இடைவெளி கூட்டி. "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் சார்" என்று முடிகிற போனால் பலன் வராது. போன வாரம் குடித்தீர்களா, குடிக்கத் தோன்றியதா, மாத்திரை எத்தனை நாள் விட்டுப்போனது, குடியை விட முயல்பவர்களின் கூட்டத்துக்குப் போனீர்களா என்று ஐந்து நிமிடம். மீதிப் பத்து நிமிடம் முழுக்க வரப்போகிற வாரம். சிகிச்சையின் ஆரம்பத்திலேயே குடியை நிறுத்த முடியாமல் திணறியவர்களுக்குப் போன் மட்டும் போதவில்லை, நேரில் குழு அமர்வு தேவைப்பட்டது என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. ஆகவே யாருக்குப் போன், யாருக்கு நேர்ப் பார்வை என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே பிரித்துவிட வேண்டும்.

வரப்போகிற வாரம் என்றால் என்ன? சனிக்கிழமைக் கூலி. கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு. தீபாவளி, காணும் பொங்கல், ஊர்த் திருவிழா. இவற்றைக் காலண்டரில் வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பேச வேண்டும். மச்சான் வீட்டுக் காதுகுத்து ஞாயிற்றுக்கிழமை என்றால்: யாருடன் போவீர்கள்? முந்தின ராத்திரி போய்த் தங்காமல் காலையில் போக முடியுமா? பந்தி முடிந்ததும் கிளம்ப வண்டி யாரிடம்? சட்டைப்பையில் எவ்வளவு பணம்? பந்தல் பின்னால் கூட்டிப் போய் "டேய், ஒரு கட்டிங்தான்டா, இன்னைக்கு ஒருநாள்" என்பவர் பெயரென்ன? அவரிடம் என்ன சொல்வீர்கள், இப்போது என்னிடம் சொல்லிக் காட்டுங்கள். 'டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், குடிச்சா ஆளு போயிடுவேன்' என்ற ஒற்றை வரி நம்மூரில் நன்றாக வேலை செய்கிறது, மானமும் போவதில்லை. கூலியை யார் கையில் வாங்குவது என்பதையும் மேஸ்திரியையோ மனைவியையோ வைத்துக்கொண்டே பேசி முடிக்கலாம், நோயாளி சம்மதித்தால்.

போன் செய்யப் போனால் நம்பர் கிடைக்காது. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் தொடர்சிகிச்சை பலமுறை இங்கேதான் அறுந்துபோகிறது. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், போன் அடகில் இருக்கும், சிம் மாறியிருக்கும். அதனால் அட்மிஷன் வாரத்திலேயே, நோயாளி தெளிவான பிறகு, ஒரு தொடர்பு அட்டை எழுத வேண்டும். அவர் நம்பர், மனைவி, அம்மா, அண்ணன் தம்பி, வேலை கொடுப்பவர், ஆட்டோ ஸ்டாண்டு, தெருமுனை மளிகைக் கடை. வேலை இல்லாத மாதங்களில் எந்த ஊருக்குப் போவார் என்பதும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், 'இவரிடம் என்னவென்று சொல்லலாம்' என்ற கட்டம். மளிகைக் கடைக்காரரிடம் "ஆஸ்பத்திரியிலிருந்து பேசறோம், ரிவ்யூவுக்கு வரச் சொல்லுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை போகக் கூடாது. நோயாளியின் கையெழுத்து அட்டையிலேயே இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எல்லா நம்பரையும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டாவது இலக்கம் தப்பாக இருப்பது அப்போதுதான் தெரியும். முதல் போன் வீடு போய் இரண்டு நாளுக்குள். முதல் ரிவ்யூ ஒரு வாரத்துக்குள், தேதியும் நேரமும் பார்க்கப் போகிற ஆளின் பெயரும் சீட்டில். "பதினைஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்று வாயால் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது.

மாத்திரை விஷயத்தில் மையங்கள் இன்னும் கஞ்சத்தனமாகவே இருக்கின்றன. 2023-இல் ஜாமாவில் வந்த தொகுப்பாய்வின்படி, ஒருவர் மறுபடி குடிக்காமல் தடுக்க அகாம்ப்ரோசேட் 11 பேருக்குக் கொடுக்க வேண்டும், நால்ட்ரெக்ஸோன் 18 பேருக்கு. அதிகக் குடிக்குத் திரும்புவதைத் தடுக்க நால்ட்ரெக்ஸோனும் 11 பேருக்கு. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் நாம் தினமும் விழுங்கும் பல மருந்துகளைவிட மோசமில்லை. தேர்வில் நடைமுறையும் பார்க்க வேண்டும். அகாம்ப்ரோசேட் ஒரு வேளைக்கு இரண்டு, மூன்று வேளை. சித்தாள், கொத்தனார் வேலைக்குப் போகிறவருக்கு மத்தியான வேளை நிச்சயம் விட்டுப்போகும்; சிறுநீரகம் சரியில்லாதவருக்கு ஆகாது. நால்ட்ரெக்ஸோன் ஒரு நாளைக்கு ஒன்று, சுலபம். ஆனால் டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவருக்குக் கொடுத்தால் கடும் விலகல் அறிகுறிகள் பாய்ந்து வரும். ஒரு வாரம் பத்து நாளாவது அவை இல்லாமல் இருக்க வேண்டும். டைசல்ஃபிராம் முழுச் சம்மதத்தோடு, வீட்டில் ஒருவர் கண்முன் விழுங்கினால் மட்டுமே பயன். 1986-இல் 605 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், மேற்பார்வையின்றிக் கொடுத்தபோது தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லை.

டபென்டடால் பேச்சு வந்ததால் ஒன்று. வலி மாத்திரை, ஊசி, ஹெராயின் வகைப் பழக்கத்துக்கு 'நாள் கணக்கில் உள்ளே வைத்து வெளியே அனுப்பும்' முறை ஆபத்தானது. இரண்டு வாரத்தில் உடல் தாங்கும் அளவு இறங்கிவிடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடும். அவர்களுக்கு அதே வகையைச் சேர்ந்த, ஏக்கத்தை அடக்கும் மாற்று மருந்தான பியூப்ரெனார்ஃபினைத் தொடர்ந்து கொடுக்கும் மையமே முதல் தேர்வு. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்ற வசனம் சவப்பெட்டி எண்ணிக்கையைத்தான் கூட்டியிருக்கிறது.

ஏ.ஏ., அதாவது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', குடியை விட முயல்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டம். அதைப் பற்றி இரு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். 2020-இல் 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பின்படி, முறைப்படி ஏ.ஏ.வுக்கு இணைத்துவிடும் சிகிச்சையில் ஓராண்டில் முற்றிலும் குடிக்காதவர்கள் 42 சதவீதம், மற்றச் சிகிச்சைகளில் 35. இதில் 'முறைப்படி இணைத்துவிடும்' என்பதைக் கவனிக்க வேண்டும். 1981-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு, 20 பேர்தான். பாதிப் பேரிடம் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லி, போகச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு, ஆலோசகர் அறையிலிருந்தே ஏ.ஏ. உறுப்பினருக்குப் போன் போட்டு, அவரே வந்து கூட்டிப் போக ஏற்பாடு. இரண்டாம் பிரிவில் பத்துக்குப் பத்தும் போனார்கள். முதல் பிரிவில் ஒருவர்கூடப் போகவில்லை. செலவு ஒரு போன். இன்றும் பெரும்பாலான டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஏ.ஏ. கூட்டத்துக்குச் செல்லவும்' என்ற ரப்பர் ஸ்டாம்புதான் இருக்கிறது.

சறுக்கல் வந்தால் மையம் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் எனக்கு அதிகம் வாக்குவாதம் உண்டு. குடித்துவிட்டு ரிவ்யூவுக்கு வந்தவரைத் திட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். அவர் குடித்துவிட்டும் வந்திருக்கிறார், அதுவே செய்தி. ஒரு நாள் சறுக்கலை முழு வீழ்ச்சியாக மாற்றுவது பெரும்பாலும் 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்ற எண்ணம். திட்டு அதற்கு நெய் ஊற்றுகிறது. செய்ய வேண்டியது: அன்றே பார்ப்பது, எத்தனை நாள் குடித்தார் என்று கேட்டு மறுபடி வலிப்பு அபாயம் உண்டா என்று பார்ப்பது, எந்த மணியில் எந்த இடத்தில் தொடங்கியது என்று நிதானமாக எழுதுவது, மூன்று நாளுக்குள் அடுத்த சந்திப்பு. டிஸ்சார்ஜ் அன்றே குடும்பத்திடம் இதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் ஆளை ஒளித்து வைப்பார்கள்.

கடைசியாக, 'எங்கள் மையத்தில் 80 சதவீத வெற்றி' என்பவர்களின் கணக்கு. நூறு பேர் டிஸ்சார்ஜ் ஆனார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்துப் போனில் கிடைத்தவர்கள் முப்பது பேர். அதில் குடிக்காதவர்கள் இருபத்துநாலு. இருபத்துநாலை முப்பதால் வகுத்தால் 80. நூறால் வகுத்தால் 24. கிடைக்காத எழுபது பேரைக் குடித்தவர்களாகவே எண்ணுவதுதான் ஆராய்ச்சியில் வழக்கம், அதற்குக் காரணமும் இருக்கிறது: நன்றாக இருப்பவர் போனை எடுக்கிறார். மையம் நடத்துபவர்கள் நாலே எண்களை மாதாமாதம் சுவரில் ஒட்டினால் போதும்: முதல் போனிலிருந்து அட்மிஷனுக்கு எத்தனை நாள், முதல் வாரத்துக்குள் ரிவ்யூவுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை, மூன்றாம் மாதத்தில் தொடர்பில் இருப்பவர்கள் எத்தனை, சறுக்கிய பின் திரும்பி வந்தவர்கள் எத்தனை. 2025-இல் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையங்களிலும் படுக்கை எண்ணிக்கையைவிட இந்த நாலைத்தான் நாம் கேட்க வேண்டும்.

ஆள் சேர்க்க இடம் தேடும் குடும்பங்கள் மையத்துக்குப் போன் செய்யும்போது இவற்றைக் கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்? தயமின் ஊசி போடுவீர்களா? நான் வாரம் ஒருமுறையாவது நேரில் பார்க்க முடியுமா? வீட்டுக்கு அனுப்பிய பிறகு யார், எந்தக் கிழமை போன் செய்வார்? மறுபடி குடித்தால் திரும்பச் சேர்ப்பீர்களா, மறுபடி முழுப் பணமா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தை விட்டுவிடலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் தேசிய போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, இரண்டுக்கும் கட்டணமில்லை. கூப்பிடும்போது கடைசியாக எப்போது குடித்தார், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்ற மூன்றையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.